அறத்தொடு நின்ற ஒரு தாய்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இரண்டு வாரத்துக்கு முன்பு உங்கள் ஞாயிறு இணைப்பில் கோடை விடுமுறையையும் முதல் காதலையும் வைத்து எடுத்த வெளிநாட்டுப் படங்களைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. அதில் ஓர் இடத்தில், ஒரு பையன் இன்னொரு பையனை விரும்புகிற கதைகளும் இப்போது நிறைய வருகின்றன என்று இரண்டு வரி இருந்தது. அவ்வளவுதான், இரண்டே வரி. அதற்குப் போன வாரம் ஒரு வாசகர் எழுதியிருந்தார்: இதெல்லாம் வசதியான வீட்டுப் பிள்ளைகள் மேல்நாட்டைப் பார்த்துப் பழகிக்கொள்வது, உழைத்துச் சாப்பிடுகிற குடும்பத்தில் இதற்கெல்லாம் ஏது நேரம், பத்திரிகைக்காரர்கள்தான் ஊதிப் பெரிதாக்குகிறீர்கள் என்று. அவர் நல்ல எண்ணத்தோடுதான் எழுதியிருப்பார். ஆனால் அந்தக் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. நான் முப்பது வருஷத்துக்கு மேல் தமிழ் சொல்லிக் கொடுத்தவள், அதிலும் பாதிக்கு மேல் பதினொன்றும் பன்னிரண்டும். பதினாறு வயதுப் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துப் பார்த்தே தலை நரைத்தவள். அந்த உரிமையில் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த வாசகருக்கு நான் ஒரு படத்தைச் சொல்ல ஆசைப்படுகிறேன். 'பியூட்டிஃபுல் திங்' என்று பெயர். 1996இல் வந்த ஆங்கிலப் படம். ஜோனதன் ஹார்வி என்பவர் முதலில் இதை நாடகமாக எழுதி, 1993இல் லண்டனில் புஷ் தியேட்டர் என்கிற சின்ன அரங்கில் போட்டார்கள். அப்புறம் சேனல் 4 தொலைக்காட்சி இதைப் படமாக எடுத்தது. டிவிக்கென்று எடுத்தது கடைசியில் தியேட்டருக்கே வந்துவிட்டது. இயக்கியவர் ஹெட்டி மெக்டொனால்ட் என்கிற பெண். என் மருமகள் தன் லேப்டாப்பில் போட்டுக் காட்டினாள். தெற்கு லண்டன்காரர்கள் பேசுகிற ஆங்கிலம் எனக்குப் பாதிதான் பிடிபட்டது, கீழே எழுத்து ஓடியதால் தப்பித்தேன். இரண்டாம் முறை நானே தனியாகப் பார்த்தேன்.

கதை நடக்கிற இடத்தை முதலில் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த வாசகரின் கடிதத்துக்குப் பதிலே அந்த இடம்தான். தேம்ஸ்மீட் என்று தென்கிழக்கு லண்டனில், தேம்ஸ் ஆற்றங்கரைச் சதுப்பு நிலத்தில், 1960களின் கடைசியில் லண்டன் மாநகர நிர்வாகம் கட்ட ஆரம்பித்த குடியிருப்பு. நம் பாஷையில் சொன்னால் ஹவுஸிங் போர்டு. வெள்ளம் வருகிற பூமி என்பதால் தரைத்தளத்தில் ஆள் குடியிருக்கிற மாதிரி கட்டவில்லை, மேலே வீடுகளையும் வீட்டுக்கு வீடு போக உயரத்தில் நடைபாதைகளையும் வைத்தார்கள். எங்கு பார்த்தாலும் வெறும் கான்கிரீட். ஸ்டான்லி குப்ரிக் என்கிற பெரிய இயக்குநர் 1970களின் தொடக்கத்தில் வன்முறையைப் பற்றி ஒரு படம் எடுத்தபோது இந்த இடத்தைத்தான் பயன்படுத்திக்கொண்டார், அவ்வளவு வறண்ட தோற்றம். அதே இடத்தில்தான் இந்தப் படத்தில் வெயில் அடிக்கிறது, பெண்கள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள், பிள்ளைகள் நடைபாதையில் ஓடுகிறார்கள். நானும் இருபது வருஷம் ஹவுஸிங் போர்டு வீட்டில் இருந்தவள். ஒரு வீட்டுக் குக்கர் விசில் மூன்று வீட்டுக்குக் கேட்கும், எந்த வீட்டில் யார் அடி வாங்குகிறார்கள் என்பதும் கேட்கும். படத்தில் பக்கத்து வீட்டுச் சத்தம் சுவர் தாண்டி வருகிறபோது எனக்கு அது லண்டன் என்றே தோன்றவில்லை.

மூன்று வீடுகள் வரிசையாக. நடு வீட்டில் ஜேமி, அவன் அம்மா சாண்ட்ரா. ஒரு பக்கத்து வீட்டில் ஸ்டீ என்கிற பையன், ஜேமியோடு படிக்கிறவன். அவனுக்கு அப்பாவும் அண்ணனும் மாறி மாறி அடி. இன்னொரு பக்கம் லியா, பள்ளிக்கூடத்திலிருந்து நீக்கப்பட்டவள், நாள் முழுக்க மாமா காஸ் என்கிற பாடகியின் இசைத்தட்டைப் போட்டுக் கேட்டுக்கொண்டிருப்பாள். (மாமா காஸ் 1974இல், 32 வயதில், அதே லண்டனில் இறந்துபோனவர். படம் முழுக்க அவர் குரல்தான்.) படம் ஆரம்பிப்பதே பள்ளிக்கூட விளையாட்டுப் பீரியடில்தான். மற்ற பையன்கள் கால்பந்து ஆடுகிறார்கள், ஜேமி பாதியில் மைதானத்தை விட்டு நழுவி வீட்டுக்கு வந்துவிடுகிறான். அதைப் பார்த்த அந்த நிமிஷமே எனக்கு வேறொரு பையனின் ஞாபகம் வந்துவிட்டது. அவனைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஒரு ராத்திரி ஸ்டீக்கு அடி அதிகமாகிவிடுகிறது. சாண்ட்ரா அவனைத் தன் வீட்டுக்குக் கூட்டி வந்து படுக்கச் சொல்கிறாள். இருப்பது ஒரு கட்டில்தான், தலைமாடு கால்மாடாகப் படுத்துக்கொள்ளுங்கள் என்கிறாள். நம் வீடுகளில் கல்யாணத்துக்கு வந்த பிள்ளைகளைப் படுக்க வைக்கிற மாதிரி. இன்னொரு நாள் அவன் முதுகில் கன்றிப்போன இடங்களைப் பார்த்துவிட்டு ஜேமி லோஷன் தடவிவிடுகிறான். அந்தப் படத்தில் காதல் ஆரம்பிக்கிற இடம் எது என்று என்னைக் கேட்டால் இந்தக் காயத்தைத்தான் சொல்வேன். அதுவரை ஸ்டீயின் உடம்பைத் தொட்டவர்கள் எல்லாரும் அடிக்கத்தான் தொட்டிருக்கிறார்கள்.

சரி, சாண்ட்ராவுக்கு வருகிறேன். நான் இந்தக் கடிதம் எழுதுவதே அவளுக்காகத்தான்.

அவள் மதுக்கடையில் ஊற்றிக் கொடுக்கிற வேலை பார்க்கிறவள். கணவன் இல்லை. தனக்கென்று ஒரு கடை எடுத்து நடத்த வேண்டும் என்று ஆசை. வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தை, கோபம் வந்தால் மகனோடு கட்டிப் புரண்டு சண்டை போடுவாள், லியாவோடு தினமும் வாக்குவாதம். தன்னைவிட இளையவனான டோனி என்பவனோடு பழகுகிறாள். நம் ஊர் அளவுகோலில் இவளை யாரும் 'நல்ல தாய்' என்று சொல்ல மாட்டார்கள். மகன் பள்ளிக்கூடத்தில் மற்றப் பையன்களிடம் பேச்சு வாங்குகிறான் என்பது அவளுக்குத் தெரியும், ஏன் என்பதுதான் சரியாகத் தெரியாது, அல்லது தெரிந்துகொள்ளப் பயம். கடைசியில் விஷயம் தெரிந்து மகனைக் கேட்கிறாள். ஜேமி அழுதுகொண்டே, நான் சின்னப் பையன் என்று நினைக்கிறாய், இது போகப் போகச் சரியாகிவிடும் என்று நினைக்கிறாய், எனக்கு எய்ட்ஸ் வந்துவிடும் என்று நினைக்கிறாய் என்று அவள் மனசில் இருப்பதையெல்லாம் அவனே அடுக்குகிறான். 1990களின் இங்கிலாந்து அது, அந்தப் பயம் எல்லா வீட்டிலும் இருந்தது. அதற்கு அவள் ஒரு பதில் சொல்கிறாள். வார்த்தைக்கு வார்த்தை எனக்குச் சொல்ல வராது, ஆனால் அர்த்தம் இதுதான்: காலையில் காலிப் புட்டியைத் தூக்கி வாசலில் வைக்கிற மாதிரி உன்னை வெளியே வைத்துவிடுவேன் என்றா நினைத்தாய், உன் அம்மாவைப் பற்றி உனக்குத் தெரிந்தது அவ்வளவுதானா.

அந்த வார்த்தையில் எனக்குப் பெரிதாகப்பட்டது அவள் மனத்தாங்கல். மகன் யாரை விரும்புகிறான் என்பதைவிட, தன்னை நம்பாமல் இத்தனை நாள் ஒளித்தானே என்பதுதான் அவளைச் சுடுகிறது. அப்புறம் தனியாகவும் அழுகிறாள். ஒரு நொடியில் மாறிவிட்ட தெய்வமாக அவளைக் காட்டாததுதான் இந்தப் படத்தின் நேர்மை. மகனுக்கு இந்த ஊரில் என்னென்ன நடக்கும் என்று அவளுக்கு மகனைவிட நன்றாகத் தெரியும்.

தமிழ் படித்தவர்களுக்கு ஒன்று ஞாபகம் வரும். அகப்பாட்டில் 'அறத்தொடு நிற்றல்' என்று ஒரு துறை உண்டு. தலைவியின் களவுக் காதலைத் தோழி, வளர்த்த தாயான செவிலித்தாயிடம் சொல்வாள், செவிலி, பெற்ற தாயான நற்றாயிடம் சொல்வாள், நற்றாய் தந்தைக்கும் அண்ணன்மாருக்கும் தெரியப்படுத்துவாள். மறைவாக இருந்த காதலை வெளிப்படுத்துகிற இந்தச் செயலை நம் முன்னோர்கள் காட்டிக்கொடுப்பது என்று சொல்லவில்லை, அறத்தின் பக்கம் நிற்பது என்று பெயர் வைத்தார்கள். எத்தனையோ வருஷம் இதை வகுப்பில் நடத்தியிருக்கிறேன், தேர்வுக்கு இரண்டு மதிப்பெண் வினாவாக எழுத வைத்திருக்கிறேன். சாண்ட்ரா அந்தக் காட்சியில் மகனைக் கட்டிக்கொண்டபோதுதான் அந்தச் சொல்லின் முழு எடையும் எனக்கே தெரிந்தது என்று சொன்னால் நம்புவீர்களா? சங்கப் பாட்டில் இரண்டு பையன்களின் காதல் இருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு பிள்ளையின் மனசு வெளியே தெரிய வரும்போது வீட்டிலிருப்பவர்கள் எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்பதற்கு நம்மிடம் ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது என்கிறேன்.

இப்போது அந்தப் பையனைப் பற்றி. பெயரும் ஊரும் வேண்டாம். பதினொன்றாம் வகுப்பு. விளையாட்டுப் பீரியட் மணி அடித்ததும் மைதானத்துக்குப் போகாமல் நேரே நூலகத்துக்கு வந்துவிடுவான். அப்போது நூலகப் பொறுப்பு என்னிடம்தான் இருந்தது. பீரோவில் இருக்கிற புத்தகங்களைத் தூசி தட்டி அடுக்குவான், அன்றைய நாளிதழை விரித்து வைத்துக்கொண்டு கடைசி வரி வரை படிப்பான். கைக்குட்டையைச் சின்னச் சதுரமாக மடித்துச் சட்டைப்பையில் வைத்திருப்பான், ஒவ்வொரு பக்கத்தையும் புரட்டிவிட்டு விரலில் ஒட்டிய மையை அதில் துடைத்துக்கொள்வான். மற்றப் பையன்கள் அவனுக்கு ஒரு பட்டப்பெயர் வைத்திருந்தார்கள், அதை நான் இங்கே எழுதப் போவதில்லை. சில ஆசிரியர்களும் அதைச் சொல்லிச் சிரித்தார்கள்.

ஒரு நாள் அறத்தொடு நிற்றல் நடத்தி முடித்துவிட்டு, சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்றேன். அவன் எழுந்து, "தமிழம்மா, தோழியே இல்லாதவங்க என்ன செய்வாங்க?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. "அது பாடத்துல வராதுப்பா, உட்காரு" என்றேன். அவன் உட்கார்ந்துவிட்டான்.

கொஞ்ச நாளில் அவன் புத்தகப்பையிலிருந்து ஒரு கடிதத்தை யாரோ எடுத்துவிட்டார்கள். இன்னொரு பையனுக்கு எழுதியது. பெற்றோரை வரச் சொன்னார்கள். அப்பா கட்டட வேலை பார்க்கிறவர், கையில் சிமெண்ட் காய்ந்தபடி வந்து நின்றார். அந்த வாசகர் சொன்ன வசதியான குடும்பம் இல்லை. பையனுக்கு வெளிநாட்டுப் படம் பார்க்க வழியும் இல்லை. அத்தனை பேர் முன்னால் அவர் மகனை அடித்தார், ஒருவரும் தடுக்கவில்லை. நானும் அந்த அறையில் இருந்தேன். மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள், அவனை 'மாற்ற' வைத்தியம் பார்க்கப் போவதாகப் பிறகு கேள்விப்பட்டேன். அதற்குப் பின் அவனை நான் பார்க்கவில்லை. ஓய்வு பெற்று இத்தனை வருஷம் ஆகிறது, எத்தனையோ மாணவர்கள் வீட்டுக்கு வருகிறார்கள், கல்யாணப் பத்திரிகை வைக்கிறார்கள். வாசலில் மணி அடித்தால் இன்றைக்கும் ஒரு நொடி அவன்தானோ என்று நினைப்பேன்.

இந்தப் படத்தை எழுதிய ஹார்வியும் பள்ளிக்கூட ஆசிரியராக இருந்தவர்தான், அதுவும் அந்தத் தேம்ஸ்மீட் பகுதியிலேயே. அவர் காலத்து இங்கிலாந்தில் 1988இல் ஒரு சட்டம் கொண்டு வந்திருந்தார்கள், பிரிவு 28 என்பார்கள். உள்ளாட்சி நிர்வாகங்கள் தன்பாலீர்ப்பை, அதாவது ஒரே பாலினத்தவரை விரும்புவதை, ஊக்குவிக்கக் கூடாது, பள்ளிகளில் அதை ஏற்கத்தக்க குடும்ப உறவாகக் கற்பிக்கக் கூடாது என்றது அது. அந்தப் பயத்தில் எத்தனையோ ஆசிரியர்கள், கேலிக்கு ஆளாகி அழுதுகொண்டு வந்த பிள்ளைகளிடம்கூட வாய் திறக்கவில்லை. ஸ்காட்லாந்தில் 2000இலும் இங்கிலாந்தில் 2003இலும்தான் அந்தச் சட்டம் போனது. எனக்கு அப்படி வாயைக் கட்டுகிற சட்டம் எதுவும் இல்லை. இருந்தும் நான் பேசவில்லை. அதனால்தான் இப்போது உங்களுக்கு எழுதுகிறேன்.

அந்த நாட்டிலேயே இது லேசில் நடந்துவிடவில்லை என்பதையும் வாசகர் தெரிந்துகொள்ள வேண்டும். இங்கிலாந்தில் 1967 வரை இரண்டு ஆண்கள் மனமொத்து உடலுறவு கொண்டாலே குற்றம். அதற்குப் பிறகும் 21 வயது ஆக வேண்டும் என்றார்கள், 1994இல் அதை 18 ஆக்கினார்கள், ஆண் பெண் காதலுக்கு மட்டும் 16. இந்தப் படம் வந்தபோதும் அந்த வித்தியாசம் அப்படியேதான் இருந்தது. அது சமமானது 2001இல். நம் ஊருக்கு, இந்த உறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவைக் கொடுத்துவிட்டுப் போனவர்களும் அவர்கள்தான், 1860இல் எழுதிய தண்டனைச் சட்டத்தில். மேல்நாட்டிலிருந்து வந்த பழக்கம் என்று எதையாவது சொல்ல வேண்டுமானால் அந்தத் தண்டனையைத்தான் சொல்ல வேண்டும். எழுதிக் கொடுத்தவர்கள் 1967இலேயே தங்கள் ஊரில் மாற்றத் தொடங்கிவிட்டார்கள், நாம் 2018 செப்டம்பர் 6ஆம் தேதி வயது வந்தவர்கள் மனமொத்து வாழ்வது குற்றமில்லை என்று உச்ச நீதிமன்றம் சொல்கிற வரை தூக்கிச் சுமந்தோம். இலங்கையில் அவர்கள் ஆட்சிக் காலத்து, இதே மாதிரியான 365ஆம் பிரிவும் 365அ பிரிவும் இன்னும் புத்தகத்தில் இருக்கின்றன.

நம் சென்னை உயர் நீதிமன்றத்தில் 2021 ஜூனில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் வழங்கிய உத்தரவை உங்கள் வாசகர்கள் பலர் மறந்திருப்பார்கள். வீட்டை விட்டு வந்த இரண்டு இளம்பெண்கள் பாதுகாப்புக் கேட்ட வழக்கு. இந்த விஷயத்தில் தனக்குத் தெளிவு போதவில்லை என்று அவர் வெளிப்படையாகவே சொல்லி, ஓர் உளவியலாளரிடம் போய் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டு வந்து, பிறகுதான் தீர்ப்பு எழுதினார். மருத்துவம் என்ற பெயரில் பிள்ளைகளை 'மாற்ற' முயல்வதைத் தடை செய்ய வேண்டும் என்றார். ஒரு நீதிபதியே தெரியாது என்று சொல்லிக் கற்றுக்கொள்ளலாம் என்றால் பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் அதில் என்ன கௌரவக் குறைச்சல்?

படத்தில் எனக்குப் பிடிக்காததும் உண்டு. லியா போதை மருந்து எடுத்துக்கொண்டு தன்னையே மாமா காஸ் என்று நினைத்துத் தடுமாறுகிற பகுதி நீளம், அந்தப் பெண்ணின் தனிமையை இன்னும் கவனமாகச் சொல்லியிருக்கலாம். கெட்ட வார்த்தை அதிகம், சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்க முடியாது. ஸ்டீயின் வீட்டுப் பிரச்சினையை அப்படியே விட்டுவிட்டார்கள், கடைசிப் பாட்டுக்குப் பிறகு அந்தப் பையன் எந்த வீட்டுக்குத் திரும்பிப் போவான் என்ற கவலை எனக்குப் படம் முடிந்த பின்னும் போகவில்லை.

ஆனால் அந்தக் கடைசிக் காட்சி! நல்ல வெயில், வீடுகளுக்கு நடுவே உள்ள முற்றம். மாமா காஸின் பாட்டு ஒலிக்கிறது. இரண்டு பையன்களும் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஆடுகிறார்கள். நடைபாதைகளில் ஆட்கள் கூடி வேடிக்கை பார்க்கிறார்கள், சில முகங்களில் சிரிப்பு, சில முகங்களில் வெறுப்பு. சாண்ட்ரா சுற்றிலும் ஒரு பார்வை பார்க்கிறாள், யாராவது வாயைத் திறந்து பாருங்கள் என்கிற மாதிரி. அப்புறம், நேற்று வரை யாரோடு கத்திக்கொண்டிருந்தாளோ அந்த லியாவையே இழுத்துக்கொண்டு தானும் ஆட ஆரம்பித்துவிடுகிறாள். மகனிடம் வீட்டுக்குள் சொன்னதை இப்போது ஊர் பார்க்கச் சொல்கிறாள். நற்றாய் தந்தைக்கும் தன்னையருக்கும் (அண்ணன்மாருக்கும்) சொல்வாள் என்று எங்கள் உரையில் வரும். இவள் மொத்தக் குடியிருப்புக்கும் சொல்கிறாள்.

கடைசியாக உங்களிடம் இரண்டு கோரிக்கை. இந்தப் படத்தைப் பற்றிப் பெற்றோர் படிக்கிற மாதிரி ஒரு முழுக் கட்டுரை போடுங்கள், இரண்டு வரி போதாது. இன்னொன்று, உங்கள் செய்திகளில் இன்னமும் 'இயற்கைக்கு மாறான' என்றும் 'ஓரினச்சேர்க்கை' என்றும் எழுதுகிறீர்கள். முதல் சொல் பழைய சட்டத்தின் சொல், இரண்டாவது ஒரு மனிதரின் அன்பையெல்லாம் படுக்கையாக மட்டும் பார்க்கிற சொல். தன்பாலீர்ப்பு, பால்புதுமையர் (பாலிலும் பாலீர்ப்பிலும் பெரும்பான்மையிலிருந்து வேறுபட்டவர்கள்) என்று நல்ல சொற்கள் புழக்கத்துக்கு வந்துவிட்டன. இவர்களை எந்தெந்தச் சொற்களால் குறிப்பிட வேண்டும் என்று தமிழக அரசும் 2022இலேயே அரசிதழில் ஒரு பட்டியல் வெளியிட்டிருக்கிறது. அதை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். படத்தில் ஜேமி கடையிலிருந்து ஒரு பத்திரிகையை ஒளித்து எடுத்துக்கொண்டு ஓடி வருவான், காசு கொடுத்துக் கேட்டு வாங்கத் துணிச்சல் இல்லாமல். தன்னைப் பற்றி எங்காவது அச்சில் இருக்கிறதா என்று பார்ப்பதற்குத்தான் அது.

நான் வேலை பார்த்த பள்ளியின் நூலகத்துக்கு உங்கள் நாளிதழ் இன்றும் வருகிறது. போன மாதம் போயிருந்தபோது பார்த்தேன், விளையாட்டுப் பீரியடில் ஒரு பையன் அதை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர்,
திருநெல்வேலி மாவட்டம்.